ஓரம் மடிக்காத சட்டை

என் கைவேலையைக் குறை சொன்னவர் இந்த ஊரில் யாரும் கிடையாது. வாயைக் குறை சொல்வார்கள், அது வேறு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் இருபத்திரண்டு வருஷமாக ஃபினிஷிங் வேலை பார்க்கிறேன். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்தால் பொம்மை வரும். கூடவே, இரண்டு பாதி அச்சும் சேருகிற இடத்தில் ஒரு தழும்பு வரும், விளிம்பெல்லாம் பிசிறு வரும். தழும்பைச் சின்னக் கத்தியால் சீவி, பிசிறை ஈர ஸ்பான்ஜால் வழித்துக் காயவைப்பது என் பொறுப்பு. என்னைத் தாண்டிப் போன ஒரு பிள்ளையாருக்காவது தும்பிக்கையில் கோடு இருந்தது என்று எவனாவது காட்டட்டும், அன்றைக்கே கத்தியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

போன சித்திரையில் எங்கள் பட்டறைக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. புதுச்சேரியில் ஏற்றுமதி பார்க்கிற மோகனப்பிரியா என்கிற பெண் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் ஒரு மியூசியமாம். நடு ஆசியாவில் உஸ்பெக்குகள், துர்க்மேன்கள் என்று இருக்கிற ஜனங்கள் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் உடுத்திய துணிமணியை எல்லாம் அந்த மியூசியத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். அதில் ஆறு உடுப்பை மட்டும் கையகல அளவுக்குப் பீங்கானில் செய்து தர வேண்டும், மியூசியத்து வாசலில் இருக்கிற கடையில் விற்பதற்கு. தினுசுக்கு முந்நூறு.

எங்கள் முதலாளி தங்கராசு அண்ணன் போட்டோக்களை ஃபோனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“ஏம்மா, எதுலயும் தலையே இல்ல? கையும் இல்ல. பாதி போட்டோதான் வந்திருக்குதா?”

“பொம்மை இல்லீங்க சார், உடுப்பு மட்டுந்தான். ஆள் கிடையாது” என்றது மோகனப்பிரியா.

“தலையில்லாதத எவன் வாங்குவான்? கொலுவுல வெக்க முடியுமா?”

“அவுங்க கொலு வெக்க மாட்டாங்க சார்.”

மண் ஊற்றுகிற ஆராயி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். எட்டு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறாள், அதனால் என் வாய்க்குப் பயப்படுவதை விட்டுவிட்டாள். ஃபோனில் ஒரு நீளமான அங்கி, தண்ணீரில் சாயத்தைக் கொட்டினாற்போல் நிறங்கள் ஒன்றோடொன்று வழிந்திருந்தன. இன்னொன்று பெண்கள் தலைமேல் போட்டுக்கொள்கிற மஞ்சள் அங்கி. அதற்கு இரண்டு கைகள் முதுகுப்பக்கமாகத் தொங்கின, கீழே போய் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தது. அந்தக் கைக்குள் யாரும் கையை விடுவதில்லையாம், அழகுக்குத்தானாம்.

“கையே போவாத கைக்கு எதுக்குக்கா இம்மாம் பூவேலை?” என்றாள் ஆராயி.

“ஒன் கழுத்துல ரெண்டு கவரிங் செயின் எதுக்குடி தொங்குது? அதுக்குத்தான்.”

“ஆளுங்கல்லாம் எங்கக்கா போயிட்டாங்க?”

“செத்துப் போயிருப்பாங்க. துணி மட்டும் நின்னுடுச்சு.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அது பிடிக்கவில்லை. நாள் முழுக்க முகத்துக்குக் கண்ணும் மூக்கும் வழித்துக் கொடுத்தே பழகின கை இது. ஆள் இல்லாமல் நிற்கிற துணியைப் பார்த்தால் எனக்கு என் வீட்டு ஞாபகம்தான் வந்தது. ஜங்ஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு. கொடியில் என் புடவை இரண்டு, சுவரில் செத்துப்போன வீட்டுக்காரரின் படம், பீரோவின் கீழ்த்தட்டில் என் மகள் விட்டுவிட்டுப் போன சுடிதார்கள். ரயில் அறிவிப்பைத் தவிர அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்பதில்லை. எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்பது எனக்கு மனப்பாடம், ஏறிப்போக ஒரு ஊர்தான் இல்லை.

ஆறாவது போட்டோ ஒரு குழந்தைச் சட்டை. துர்க்மேன் சட்டையாம். இரண்டு வயசுப் பிள்ளைக்கு ஆகும். சிவப்புத் துணி, வேறு வேறு துண்டு வைத்து ஒட்டுப் போட்டது. நெஞ்சில் பாசிமணி, தோளில் சின்ன முக்கோணப் பை, அதற்குள் மந்திரித்த தாயத்து. கண்ணு படக்கூடாதென்று அந்தத் தாய் எதையும் விட்டுவைக்கவில்லை. “பாவம், எத்தன புள்ளைய வாரிக் குடுத்தாளோ” என்றாள் ஆராயி. அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் இனியா அஞ்சு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, கடைத்தெருவில் மொபைல் கடைக்கு வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சேத்தியாத்தோப்பில் செருப்புக்கடை வைத்திருக்கிற ஃபாயிஸ் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் துலுக்கப் பையன் என்று ஊர் பேசியது. எனக்கு அதில் அரை மனக்கஷ்டம் என்றால், ஒன்றரை மனக்கஷ்டம் வேறொன்றில். ஒற்றையாக வளர்த்த என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பூக்காரிக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லை. எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அன்றைக்கே ஃபோன் நம்பரை மாற்றினேன். மறுநாள் மணவாளநல்லூருக்குப் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது தெரியும். போலீஸிலும் கோர்ட்டிலும் தீராததை, மனுஷர்கள் கேட்காததை, ஒரு காகிதத்தில் பிராதாக எழுதி அந்தச் சாமியிடம் கொடுப்பார்கள். இன்ன ஊரில் இருக்கிற இன்னார் எழுதிக்கொண்டது என்று ஆரம்பித்து, இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார், நீதான் கேட்க வேண்டும் என்று முடிப்பது. பூசை செய்து, சந்நிதியில் இருக்கிற வேலில் அதைக் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் முடிந்ததும் திரும்பப் போய், என் குறை தீர்ந்தது என்று ராஜினாமா எழுதிக்கொடுத்துப் பிராதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடு திருடு போனவர்கள், பங்காளி ஏமாற்றினவர்கள், புருஷன் ஓடிப்போனவர்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள்.

ஆராயிதான் என்னோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதினதை அவள் பார்த்தாள், வாசிக்கவில்லை.

எழுதினது இதுதான். “பெற்ற மகளை உயிரோடு பறிகொடுத்து நான் தவிக்கிறேன். அவளும் பெற்றதைப் பறிகொடுத்துத் தவிக்க வேண்டும். என் வேதனை என்னவென்று அவள் வயிறு அவளுக்குச் சொல்ல வேண்டும்.” கீழே அமுதவள்ளி என்று கையெழுத்து. கோபத்தில் வந்த வார்த்தை என்று இப்போது சொல்லலாம். எழுதும்போது நிதானமாகத்தான் எழுதினேன். பேனா மக்கர் செய்தது, பக்கத்தில் இருந்தவரிடம் வேறு பேனா கேட்டு வாங்கி எழுதினேன்.

அடுத்த வருஷம் இனியாவுக்கு அஞ்சு மாசத்தில் கலைந்தது. ஆராயியின் தங்கை சேத்தியாத்தோப்பில் அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள், சேதி அப்படித்தான் வரும். ஊரில் எத்தனையோ பேருக்கு நடக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடுத்த வருஷம் ஆண் பிள்ளை பிறந்து, ஒன்பதாம் நாள் போய்விட்டது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. மறுநாள் மணவாளநல்லூர் வரைக்கும் ஆட்டோவில் போய், இறங்காமலே திரும்பி வந்தேன். ராஜினாமா என்றால் என்ன எழுத வேண்டும்? நான் கேட்டது கிடைத்துவிட்டது, குறை தீர்ந்தது என்றா? ஒரு பச்சைக் குழந்தை செத்ததற்குக் கீழே எந்தக் கையால் கையெழுத்துப் போடுவேன்? அந்த வெட்கத்திலேயே மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன். எதைச் செய்தாலும் நறுக்கென்று முடிக்கிறவள் என்று பெயர் வாங்கினவள், இதை மட்டும் அப்படியே போட்டு வைத்திருந்தேன்.

ஆர்டர் வந்த அதே சித்திரையில்தான் ஆராயி சொன்னாள், இனியா மறுபடி முழுகாமல் இருக்கிறாள், அஞ்சு மாசம் தாண்டிவிட்டது என்று.

“நல்ல சேதிதானக்கா” என்றாள்.

“நல்ல சேதிதான், வேலையப் பாருடி” என்றேன். ஏற்கெனவே வழித்து முடித்த பொம்மையையே மறுபடி எடுத்து வழித்தேன்.

வைகாசி முழுக்க அந்த மியூசியம் வேலை நடந்தது. அச்சு செய்கிறவர் பழமலை, ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அச்சு செதுக்கி அனுப்பியிருந்தார். அங்கிகளில் மடிப்பெல்லாம் அருமையாக வந்திருந்தது. குழந்தைச் சட்டையில் மட்டும் அடியோரம் நூல் நூலாக, கன்னாபின்னாவென்று இருந்தது. பழமலைக்குக் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரிப் பிசிறை வழிப்பதற்குத்தானே எனக்குக் கூலி? ஒவ்வொரு சட்டையாக எடுத்து, கத்தியால் ஓரத்தைச் சீவி, ஸ்பான்ஜால் ஒரு சுற்று சுற்றி, தையல்காரன் மடித்து அடித்த ஓரம் போல ஆக்கினேன். முந்நூறு சட்டை. மனசு சரியில்லாத நாளில் எனக்குக் கை இன்னும் சுத்தமாக ஓடும்.

மாதிரிக்குத் தினுசுக்கு ஆறு மட்டும் சூளையில் வைத்து, சாயம் பூசி, மறுபடி சுட்டு அனுப்பினோம். பத்து நாளில் பதில் வந்தது. அஞ்சு தினுசும் பிரமாதமாம். குழந்தைச் சட்டை வேண்டாமாம், தப்பாக இருக்கிறதாம்.

“என்ன தப்பு?” என்று நான் போட்ட சத்தத்தில் தங்கராசு அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

“ஃபினிஷிங்ல தப்புன்னு எழுதியிருக்காங்க” என்றது மோகனப்பிரியா.

“எந்த மகராசி சொன்னா? அவள என் எதிர்ல வரச் சொல்லு.”

நிஜமாகவே வந்தாள். ரெண்டு நாள் கழித்து, மத்தியானம் மூணு மணிக்கு, மோகனப்பிரியாவின் லேப்டாப்பில். வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மா. அந்த உடுப்புகளையெல்லாம் பாதுகாக்கிற வேலை அவளுடையது. நீலக் கையுறை போட்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். அவள் பின்னால் நீள நீளமான இழுப்பறைகள், சத்தமே இல்லாத ஒரு பெரிய ரூம். அவ்வளவு பெரிய ரூமில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் எனக்குக் கைகூப்பி வணக்கம் வைத்தாள். என் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது, மீதியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“நான் வழிச்ச ஓரத்துல என்னா கொறைன்னு கேளு” என்றேன்.

மோகனப்பிரியா கேட்டது. அந்த அம்மா ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து காமிராவின் முன்னால் வைத்தாள். அதில் அந்தச் சட்டை. போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னது. விரல் நுனியால் அடியோரத்தைக் காட்டினாள். மடிக்கவில்லை, தைக்கவில்லை. வெட்டின துணி வெட்டினபடி நூல் பிரிந்து கிடந்தது.

“தைக்க மறந்துட்டா” என்றேன். “இல்ல, நேரம் இருந்திருக்காது. புள்ளைய வெச்சுக்கிட்டு வேலை பாக்குறவளுக்கு எங்கேர்ந்து நேரம்?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னாள், மோகனப்பிரியா அதைவிட மெதுவாகத் தமிழில் சொன்னது. “மறக்கலையாம்மா. அவங்ககிட்ட இந்த மாதிரி பதினோரு குழந்தைச் சட்டை இருக்குதாம். ஒண்ணுலயும் ஓரம் மடிக்கலையாம். வேணும்னேதான் விடுவாங்களாம். குழந்தை சட்டைக்கு ஓரத்த மடிச்சு முடிச்சுட்டா, குழந்தை ஆயுசும் அங்கயே முடிஞ்சுடும்னு அந்த அம்மாங்களுக்குப் பயமாம். அடுத்து பொறக்கப் போற புள்ளைங்களும் வராதாம். அதனால தொறந்தே வெச்சிருப்பாங்களாம்.”

ஆராயி மண் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அந்தப் புள்ள பொழைச்சுதான்னு கேளு” என்றேன்.

கேட்டது. அந்த அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதிவேட்டில் ஊர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, வாங்கி வந்தவர் பெயர் இருக்கிறது, குழந்தையின் பெயர் இல்லை, தாயின் பெயர் இல்லை, அதனால் தெரியாது என்றாள். பிறகு சட்டையின் முன்பக்கத்து அடியோரத்தை லேசாகத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தது. “தவழ்ந்திருக்குதுன்னு சொல்றாங்க. தவழுற வரைக்கும் இருந்திருக்குது. அது மட்டும் நிச்சயமாம்” என்றது மோகனப்பிரியா.

தவழுற வரைக்கும். என் மகளுடைய பிள்ளைக்கு ஒன்பது நாள்தான்.

யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, எந்தப் பாஷையோ, பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று ஊசியை எடுக்கவே பயந்திருக்கிறாள். நான் கடன் வாங்கின பேனாவால் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளுடைய சட்டையை முந்நூறு தடவை முடித்தும் வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. தங்கராசு அண்ணன், மோகனப்பிரியா, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரி, எல்லார் எதிரிலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆர்டர் போனதற்கு அழுகிறேன் என்று முதலாளி நினைத்துவிட்டார். “வுடு அமுதா, மறுபடி ஊத்திக்கலாம்” என்றார்.

சட்டைகளில் சுட்ட ஆறைத் தவிர மற்றதெல்லாம் பச்சை மண்தான். அன்று சாயங்காலம் நானே ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் டிரம்மில் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் கையும் கழுத்தும் கரைந்து கூழாகிவிட்டது. மண்ணுக்கு அந்த வசதி இருக்கிறது. நாளைக்குப் புதுசாக ஊற்றி, இந்த முறை ஓரத்தைத் தொடாமல் விட்டால் போதும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூருக்குப் போனேன். இந்தத் தடவை ஆட்டோவை விட்டு இறங்கினேன். ராஜினாமா எழுத உட்கார்ந்தால், பக்கத்தில் ஒரு பெரியவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தார், தொலைந்த மாடு கிடைத்துவிட்டதாம். “ஒங்க காரியம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?” என்றார். நான் காகிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். குறை தீர்ந்தது என்று எழுதுகிற இடத்தில், “நான் கேட்டது தப்பு. கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தண்டனை இருந்தால் எனக்குக் கொடு” என்று எழுதினேன். அந்தச் சாமி அதை ஏற்குமா, எனக்குத் தெரியாது. கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. நேராகச் சேத்தியாத்தோப்பு பஸ் ஏறினேன். கையில் கொஞ்சம் திராட்சை மட்டும் இருந்தது.

செருப்புக்கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படி ஏறினதும் கதவைத் திறந்தது ஃபாயிஸின் அம்மா, தாஜ் நிஷா. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“இனியாவோட அம்மா” என்றேன்.

கதவை முழுசாகத் திறந்தார். பிறகு, “உள்ள வாங்க சம்பந்தி, வெயில்ல நிக்காதீங்க” என்றார். அஞ்சு வருஷம் எட்டிப் பார்க்காதவளைச் சம்பந்தி என்று கூப்பிடுகிற மனசு எனக்கெல்லாம் வராது. “இனியா, யாரு வந்திருக்காங்க பாரு” என்று குரல் கொடுத்துவிட்டு, டீ போடுகிற சாக்கில் உள்ளே போனார்.

இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தாள் என் மகள். முகம் ஊதியிருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. ஏழு மாசத்து வயிறு. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். தெருவில் ஆகாதவர்கள் எதிரே வந்தால் மூடுவார்களே, அந்த மூடல். பெற்ற தாயைப் பார்த்து.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“பிராத எடுத்துட்டேன்டி. காத்தால போயி ராஜினாமா குடுத்துட்டேன். அங்கேர்ந்துதான் வரேன்.”

“நெசமாவா?”

“சாமி சத்தியமா.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானை நழுவினதைக்கூடக் கவனிக்கவில்லை. “ஆராயி அக்காவோட தங்கச்சிதாம்மா சொல்லுச்சு, நீ பிராது கட்டியிருக்கேன்னு. நானே மூணு வாட்டி போனேன். மொத புள்ள போனப்ப ஒரு வாட்டி, அதுக்கப்புறம் ரெண்டு வாட்டி. எங்கம்மா கட்டுனது, நான் எடுத்துக்குறேன்னு வேல்கிட்ட நின்னு அழுதேன். க்யூல நின்ன ஒருத்தங்கதான் சொன்னாங்க, எழுதுனவங்கதான் வந்து எடுக்கணும், போயி ஒங்கம்மாவக் கூட்டிட்டு வாம்மான்னு. ஒன் நம்பரு போவல. நம்ம வூட்டு முக்குவரைக்கும் வந்தேன், படியேற பயமா இருந்துச்சு.”

நம்ம வூடு என்றாள். என் மகள் என் வீட்டு முனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நான் உள்ளே ரயில் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“எம்மேலதாம்மா தப்பு” என்றாள். இப்போது அழுதாள். “நான் திரும்பி வரணும்னு நீ சாமிகிட்ட எழுதிக் கேட்டிருக்க. சாமி கூப்பிட்டும் நான் வரல. அதனாலதான் ரெண்டும் தங்கல. என்னாலதான் என் புள்ளைங்க போச்சுன்னு தெனமும் நெனச்சுக்குவேன். அவருகிட்ட கூடச் சொன்னதில்ல. இதுவாவது தங்கணும்மா.”

என் வலது கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது. ஒரு தடவை, நின்று, இன்னொரு தடவை. அஞ்சு வருஷத்தில் என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை.

“நான் வரணும்னுதானம்மா எழுதுன?”

ஆமா என்று சொன்னால் போதும். ஒரே ஒரு ஆமா. மகள் கிடைப்பாள், பேரப்பிள்ளை கிடைக்கும், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எனக்குப் போக ஒரு வீடு கிடைக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பெற்ற இரண்டையும் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஒற்றையாகச் சுமந்திருக்கிற முகம். நான் ஆமா என்றால் அந்தச் சுமை அவளோடு கடைசி வரைக்கும் இருக்கும்.

“இல்லடி” என்றேன். “நீ வரணும்னு எழுதல. ஒனக்குப் புள்ள தங்கக் கூடாதுன்னு எழுதினேன். நான் தவிக்கிற மாதிரி நீயும் தவிக்கணும்னு. உம்மேல ஒரு தப்பும் இல்ல. ஒன் புள்ளைங்க ஒன்னால போவல. சாமி கேட்டுச்சோ, இல்ல அதுவா நடந்துச்சோ, எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் பாவம் என்னோடது. நீ தூக்காத.”

என் கையை வயிற்றிலிருந்து எடுத்து என் பக்கமாக விட்டாள். தட்டிவிட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் எடுத்தாள். எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முந்தானையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தாஜ் நிஷா டீயைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வாசல்நிலையிலேயே நின்றுவிட்டார். கீழே கடையில் ஃபாயிஸ் யாருக்கோ எட்டாம் நம்பர் செருப்பு தேடிக்கொண்டிருந்தது கேட்டது. திராட்சைப் பையை நாற்காலிமேல் வைத்தேன். இனி இந்த வீட்டில் எனக்கு வேலையில்லை என்பது விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் படியிறங்கிப் போய் அந்த ஒற்றை அறைக் கதவைத் திறக்க வேண்டுமே என்றிருந்தது.

“போறேன்டி” என்றேன்.

“போறேன்னு சொல்லாத.” அவள் திரும்பவில்லை, குரல் மட்டும் வந்தது. அச்சாக என் கோபம், என் குரல். “புள்ளத்தாச்சி இருக்குற வூட்டுல அப்படிச் சொல்லக் கூடாது. அதுகூடத் தெரியாதா ஒனக்கு?”

தாஜ் நிஷா என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன்.

“போயிட்டு வரேன்” என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே, “ம்” என்றாள்.